ஸ்பாம்அசாசினா, ஆர்ஸ்பாம்டியா: அமைப்புப் பிழையைப் பிடிக்க எது எளிது?

இரண்டும் அஞ்சல் சேவையகத்தில் குப்பை அஞ்சலை வடிகட்டும் மென்பொருள்கள். ஸ்பாம்அசாசினில் லோக்கல்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்தியபின், பிழை பார்க்கும் லின்ட் சோதனையை ஓட்டினால், புரியாத வரியை அதுவே காட்டிவிடும். சிக்கல், பழைய அஞ்சல்களைப் பார்த்துக் குப்பையை அடையாளம் காணக் கற்கும் பேயஸ் வடிகட்டியில்தான்: ரூட் (நிர்வாகி) கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு, சேவை வேறு கணக்கில் ஓடினால், கற்றதெல்லாம் ரூட்டின் கோப்புறையிலேயே தங்கிவிடும், லின்ட் அதைப் பிழையென்று சொல்லாது. மேலும் 200 குப்பை அஞ்சல்களும் 200 நல்ல அஞ்சல்களும் சேரும்வரை பேயஸ் எந்த அஞ்சலுக்கும் குப்பை மதிப்பெண்ணே தராது. பலர் இங்கேதான் வீணாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஆர்ஸ்பாம்டியில் லோக்கல்.டி கோப்புறையிலுள்ளவை இயல்பு அமைப்புகளுடன் இணையும், ஓவர்ரைடு.டி கோப்புறையிலுள்ளவை அவற்றை மேலெழுதும். லோக்கல்.டி கோப்புக்குள் பிரிவின் பெயரையும் அடைப்புக்குறியையும் மறுபடி எழுதினால் அமைப்பு வேலை செய்யாது. ஆனால் கான்ஃபிக்டம்ப் கட்டளை இறுதி அமைப்பை முழுதாகக் காட்டுவதால், தவறு உடனே கண்ணில் படும். அதற்காகவே எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.