கிளிப்பர் கார்டு: பே ஏரியாவில் காருக்கு முன்னால் வாங்க வேண்டியது

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர்களிடம் எல்லோரும் கேட்பது, "கார் வாங்கியாச்சா?" காருக்கு முன்னால், பஸ், ரயிலில் ஏறும்போது தட்டிக் கட்டணம் கட்டும் கிளிப்பர் கார்டை வாங்குங்கள் என்பது என் கட்சி.

நான் இருப்பது ஃப்ரீமான்ட்டில். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்குப் போவதென்றால், தெருமுனையில் ஏ.சி. ட்ரான்சிட் பஸ், ஸ்டேஷனில் பார்ட் ரயில், நகரத்துக்குள் இறங்கியதும் முனி என்ற நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் 'என் ஜூடா' (N Judah) ட்ராம். மூன்றும் வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு கட்டணங்கள். பழைய கிளிப்பரில் கார்டு ஒன்றுதானே தவிர, சில்லறைச் சலுகைகள் போக, ஏறும் இடமெல்லாம் தனித்தனியாகப் பணம் பிடித்தார்கள். 2025 டிசம்பர் 10 அன்று வந்த புதிய கிளிப்பரில் இது மாறியது. முதலில் தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேறு நிறுவனத்தின் வண்டிக்கு மாறினால், அந்த இரண்டாவது வண்டியின் கட்டணத்தில் 2.85 டாலர் வரை தள்ளுபடி தரத் தொடங்கினார்கள். அப்போது முனியின் கட்டணமும் அதே 2.85 தான். பார்ட்டிலிருந்து இறங்கி 'என் ஜூடா'வில் தட்டினால் கூடுதலாக ஒரு காசு போகவில்லை!

இது தானாக நடந்துவிடவில்லை. இந்தப் பகுதியில் பஸ், ரயில், படகு என்று ஓட்டுகிற நிறுவனங்கள் 27. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே கார்டுக்குள் கொண்டுவந்தது மெட்ரோபாலிட்டன் ட்ரான்ஸ்போர்ட்டேஷன் கமிஷன். பே ஏரியாவின் ஒன்பது கவுண்டிகளுக்காக (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) 1970-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் உருவாக்கிய அமைப்பு அது. சொந்தமாக ஒரு பஸ்கூட ஓட்டுவதில்லை, ஆனால் பணம் அதன் கை வழியாகத்தான் போகிறது. விற்பனை வரியில் டாலருக்குக் கால் சென்ட்டை அந்தந்தக் கவுண்டியின் போக்குவரத்துக்கே திருப்பித் தருவதென்று மாநிலம் 1971-இல் சட்டம் போட்டது. அதை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது கமிஷன். சாலை, ரயில் திட்டங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான்: மாநிலத்தின் திட்ட நிதியில் முக்கால் பங்குக்கு எந்தெந்த வேலை என்று முன்மொழிவது கமிஷன் போன்ற வட்டார அமைப்புகள், மீதிக் கால் பங்குக்கு மாநிலத் துறையான கால்ட்ரான்ஸ். கிளிப்பரில் சேராவிட்டால் நிதியை நிறுத்திவைப்போம் என்று கமிஷனால் நிறுவனங்களிடம் சொல்ல முடிவது இதனால்தான். அந்தப் பிடி இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி கார்டு போட்டிருக்கும், என் அம்மா வீட்டை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்களா? 65 வயது ஆகியிருந்தால் சீனியர் கிளிப்பர் வாங்குங்கள். கார்டு இலவசம், வயதுக்குச் சான்றாக பாஸ்போர்ட் போதும், பார்ட்டில் பாதிக்கும் மேல் தள்ளுபடி. பார்ட்டின் புதிய வாசல்களில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கதவுகள். அம்மா கார்டை வாசலில் தட்டுவதற்கான வட்டத்தில் வைத்து, சத்தம் கேட்கும்வரை எடுக்காமல் நின்று, கதவு முழுக்கத் திறந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார். அதுதான் சரியான முறையும்கூட. குறுகிய பயணமாக வருகிறவர்கள் கார்டே வாங்க வேண்டாம், வங்கிக் கார்டைத் தட்டினாலும் வாசல் திறக்கும். ஆனால் அதில் முழுக் கட்டணம்தான், சீனியர் சலுகை கிடைக்காது. எப்படியானாலும் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். அப்புறம், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே பக்கம் ஓடும் கால்ட்ரெயின் ரயிலில் இறங்கியதும் நடைமேடையில் மறுபடி தட்ட மறக்காதீர்கள், மறந்தால் அதிகபட்சக் கட்டணம் விழும்.

கட்டண முறைகள் இன்னும் ஒன்றாகவில்லை. பார்ட்டில் தூரத்துக்கு ஏற்ப, கால்ட்ரெயினில் மண்டலக் கணக்கு, பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரே விலை. புதியவர்களுக்குத் தலை சுற்றும். இதைவிட எனக்குப் பெரிய குறை பேபாஸ். கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களிலும் செல்லும் பாஸ் அது. 2022-இல் வெள்ளோட்டமாகத் தொடங்கியது, பல்கலைக்கழகங்கள், அலுவலகங்கள் போன்ற அமைப்புகள் வழியாகத்தான் தருகிறார்கள். தினமும் இரண்டு வண்டி மாறி வேலைக்குப் போகும் கடை ஊழியருக்குத்தானே அது முதலில் கிடைக்க வேண்டும்? பணம் வேண்டுமென்பது புரிகிறது. ஐந்து கவுண்டிகளில் போக்குவரத்துக்காக விற்பனை வரி கூட்டலாமா என்று 2026 நவம்பரில் மக்களிடம் கேட்பதற்கே, 2025-இல் மாநிலம் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. கமிஷனின் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம், வீட்டிலிருந்து இணையத்திலும் பேசலாம். பேபாஸைத் தனி ஆட்களுக்கும் விற்கச் சொல்லி அங்கே கேட்கப் போகிறேன். உங்களுக்கும் அது தேவையென்றால் நீங்களும் கேளுங்கள்.