வில்லங்கத்தில் ஏறாத நோட்டீஸ்: மேல்மாடி வீடு வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒரு கிரவுண்ட் மனை. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு. பிளான் பாஸ் ஆனது இதற்குத்தான். பில்டர் நான்காவது தளமும் போட்டு, அதில் இரண்டு சின்ன வீடு கட்டி, அந்தப் பகுதி விலையைவிடக் கொஞ்சம் குறைத்து விற்கிறார். வாங்குகிறவர் வக்கீலிடம் காட்டுகிறார். தாய்ப்பத்திரம் சரி, பட்டா சரி, 30 வருட வில்லங்கம் சுத்தம். பத்திரம் பதிவாகிறது, பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நாள் காலையில் கீழே கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அனுமதியில்லாத தளத்தைக் காலி செய்யுங்கள், பூட்டி சீல் வைக்கப்போகிறோம் என்கிறது. விசாரித்தால், முதல் நோட்டீஸ் அந்தத் தளத்துக்கு கான்கிரீட் போட்ட காலத்திலேயே வந்திருக்கிறது.

சென்னையிலும் புறநகரிலும் இப்படி ஏமாந்தவர்களின் காகிதங்களைப் பார்த்தால் இதே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அதிகாரிகள் நோட்டீஸ் கொடுப்பதற்கும் நடவடிக்கை எடுப்பதற்கும் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. வீடு விற்கப்படுவது அந்த இடைவெளியில்தான். அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால்தான் தப்பிக்க முடியும்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. விதிமீறல் கட்டடம் என்றால் பேச்சு இவற்றில்தான் தொடங்கும். 57 வேலையை நிறுத்தச் சொல்வது. 56 மீறிக் கட்டியதை இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்வது. புகார் வந்தாலோ, ஏரியா உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ரவுண்டு போகும்போது கண்ணில் பட்டாலோ, பாஸ் ஆன பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். எத்தனை தளம், நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, ஸ்டில்ட்டில் அறை கட்டியிருக்கிறதா, மொட்டைமாடியில் படிக்கட்டு அறை வீடாக வளர்ந்திருக்கிறதா என்று குறித்து, வேலையை நிறுத்தும் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். பில்டர் நிறுத்துவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடியதும் ரெடிமிக்ஸ் லாரி வரும், திங்கள்கிழமை காலையில் தளம் ஆறிக்கொண்டிருக்கும். அடுத்து, சீல் வைக்கவும் இடிக்கவும் நோட்டீஸ் வரும்.

இங்கேதான் பில்டரின் திறமை. அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் முறையீடு செய்யலாம். நியாயமான ஆளுக்கு அது தேவையான உரிமை, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போட முடியும். தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போய், முறையீட்டை முடிவு செய்யும்வரை கை வைக்கக் கூடாது என்று உத்தரவும் வாங்குவார்கள். கோப்பு தலைமைச் செயலகத்தில் கிடக்கும். அந்த மாதங்களில் டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, இரண்டு வீட்டையும் விற்றுவிட்டுப் பில்டர் அடுத்த மனைக்குப் போய்விடுவார். முறையீடு தள்ளுபடியாகும் நாளில் அந்த வீட்டில் இருப்பது நீங்கள்.

இதில் எல்லோரும் தவறவிடும் விஷயம் ஒன்று. 56, 57 நோட்டீஸ்கள் வழக்கமாக வில்லங்கச் சான்றில் ஏறுவதில்லை. வில்லங்கம் காட்டுவது பதிவான பத்திரங்களை. நகரமைப்புப் பிரிவின் கோப்பு வேறு ஆபீஸில், வேறு அலமாரியில் இருக்கிறது. நோட்டீஸும் மனை உரிமையாளர் பெயருக்குத்தான் போகும். மனைக்காரரும் பில்டரும் கூட்டு ஒப்பந்தம் போட்டுக் கட்டிய இடமென்றால், பில்டருக்குப் பவர் எழுதிக் கொடுத்த அந்த மனைக்காரரே அதைப் படித்திருக்க மாட்டார். ஆகவே, டைட்டில் சுத்தம் என்று வக்கீல் எழுதிக் கொடுத்த கருத்துரை உண்மையாகவே இருந்தாலும், கட்டடம் சட்டப்படி நிற்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் செலவு 10 ரூபாய். அனுமதி கொடுத்த அலுவலகம் எதுவோ, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ (சிஎம்டிஏ), மாநகராட்சியோ, நகர் ஊரமைப்பு இயக்ககமோ (டிடிசிபி), அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். திட்ட அனுமதி எண்ணையும் சர்வே எண்ணையும் குறிப்பிட்டு நான்கு விஷயம் மட்டும் கேளுங்கள்: அனுமதித்த வரைபடத்தின் சான்றிட்ட நகல், இந்த இடத்துக்கு 56, 57 பிரிவுகளில் கொடுத்த நோட்டீஸ்களின் நகல், 80-ஏ முறையீடு ஏதும் நிலுவையில் உள்ளதா, பணி முடிவுச் சான்று (சி.சி.) கொடுக்கப்பட்டதா. பதில் தர 30 நாள் அவகாசம். அட்வான்ஸ் கொடுத்தால்தான் வீடு நிற்கும், நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது என்று அவசரப்படுத்துகிறவர், பெரும்பாலும் இந்த 30 நாளைத்தான் உங்களுக்குத் தர விரும்பவில்லை.

பதில் வருவதற்குள் நீங்களே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. பில்டர் கொடுக்கும் ஜெராக்ஸில் தளங்களின் வரைபடம் மட்டும் இருக்கும். முழு ஷீட்டையும் கேளுங்கள். அதன் ஓரத்தில் எத்தனை தளம், எத்தனை வீடு, மொத்தப் பரப்பு, தளப் பரப்புக் குறியீடு (மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) எல்லாம் அட்டவணையாக இருக்கும். பிறகு 30 மீட்டர் டேப் ஒன்றும் கூட ஒரு ஆளுமாகப் போங்கள். காம்பவுண்டு சுவரின் உள்முகத்திலிருந்து கட்டடத்தின் வெளிச்சுவர் வரை, நான்கு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு இடத்தில் அளந்து எழுதுங்கள். வரைபடத்தில் 1.5 மீட்டர் என்றிருக்கும் பக்க இடைவெளி தரையில் 1.1 ஆக இருப்பது இந்தக் கட்டடங்களில் ரொம்பச் சாதாரணம். மீட்டர் போர்டையும் எண்ணுங்கள். ஆறு வீட்டுக்கு அனுமதி என்றால் ஆறு மீட்டர், பொதுவுக்கு ஒன்று. நான்காவது தளத்து வீட்டுக்குப் பொது மீட்டரிலிருந்து சப் மீட்டர் போட்டு வயர் இழுத்திருந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இன்னொரு கணக்கு, உட்கார்ந்த இடத்திலேயே போடலாம். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. ஆறு வீடும் ஒரே அளவு என்றால், ஒவ்வொரு பத்திரத்திலும் மனையில் பிரிபடாத பங்கு (யு.டி.எஸ்.) 400 சதுர அடி வர வேண்டும். வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு கிரயத்திலும் எவ்வளவு யு.டி.எஸ். என்று எழுதியிருக்கும். அதைக் கூட்டுங்கள். ஆறு வீட்டுக்கும் 345 வீதம் 2,070 மட்டுமே எழுதியிருந்தால், மிச்சம் 330 எங்கே? மேலே வரப்போகும் இரண்டு வீட்டுக்கு 165 வீதம் எடுத்து வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் முறையான வீடு வாங்கியவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. அவர் பங்கிலிருந்து 55 சதுர அடி மனை போயிருக்கிறது, அது அவருக்குத் தெரியாது.

பணி முடிவுச் சான்று விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சி.சி. இல்லையே என்று கேட்டால், சின்னக் கட்டடத்துக்கு அது தேவையில்லை சார் என்பார்கள். அப்படி ஒரு விலக்கு விதியில் உண்மையாகவே இருக்கிறது. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 3 வீடு வரை என்று தொடங்கி, பிறகு 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட 8 வீடு வரை நீட்டப்பட்டது. விலக்கு சான்று வாங்குவதற்குத்தான், பிளானை மீறுவதற்கு இல்லை. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கட்டி முடித்த பிறகு எந்த அதிகாரியும் டேப் பிடித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் இந்தச் சின்னக் கட்டடங்களில் இல்லாமல் போய்விட்டது. வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) கூட இங்கே எட்டாது. மனை 500 சதுர மீட்டருக்குள்ளோ வீடு எட்டுக்குள்ளோ இருந்தால் பதிவு தேவையில்லை. ஒரு கிரவுண்ட் என்பது 223 சதுர மீட்டர், ஆறும் இரண்டும் எட்டு வீடு. பில்டர் எட்டோடு நிறுத்துவது ஏன் என்று இப்போது புரியும். அளந்து பார்க்க மிச்சமிருக்கும் ஒரே ஆள், வாங்குகிற நீங்கள்.

பெரிய கட்டடங்களில் நிலைமை வேறு. அங்கே சி.சி. இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே, அதிகக் கட்டணத்தில், குடும்பங்கள் வருடக்கணக்கில் ஓட்டுவது உண்டு. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், பணி முடிவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும், அனுமதித்த பிளானைக் கட்டும் இடத்தில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும் என்று நாடு முழுவதுக்கும் உத்தரவிட்டது. வேலை நடக்கும் இடத்தில் அந்தப் பிளான் தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

சொல்லப்படும் சமாதானங்களில் மோசமானது, ரெகுலரைசேஷனுக்கு அப்ளை பண்ணியாச்சு என்பது. அதாவது வரன்முறைப்படுத்துவது. அதே சட்டத்தின் 113-ஏ பிரிவுத் திட்டம் 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்கு. அடுத்து வந்த 113-சி திட்டத்துக்கும் விதிகள் 2017-இல்தான் வந்தன என்றாலும், அது 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கே. 2018-இலோ 2022-இலோ எழும்பிய தளத்துக்கு இவற்றில் இடமே கிடையாது. அப்ளிகேஷன் நம்பர், பணம் கட்டிய ரசீது என்று எதைக் காட்டினாலும் அது கட்டிய வருடத்தை மாற்றாது. சொத்துவரி ரசீதும் அப்படித்தான். அனுமதியில்லாத கட்டடத்துக்கும் உள்ளாட்சி வரி போடும், வரி கட்டியதால் கட்டடம் அனுமதி பெற்றதாக ஆகாது. பேங்க் லோன் கிடைச்சிருக்கு என்பதையும் நம்ப வேண்டாம். வங்கியின் மதிப்பீட்டு இன்ஜினீயர், பிளானை விட்டு விலகல் (டீவியேஷன்) இருக்கிறது என்று எழுதிவிட்டு, அதற்கேற்ப மதிப்பைக் குறைத்துக் கொடுத்த கடனாக அது இருக்கலாம். அந்த மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையிலும் இப்போது விளையாடத் தொடங்கியிருக்கிறார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மேல்தளமுமாக வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கும். தனக்கென்று வீடு கட்டுகிறவருக்கு இது பெரிய வசதி. அந்தக் காகிதத்தைக் காட்டி யாராவது இரண்டாவது தளத்து வீட்டை விற்க வந்தால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதெல்லாம் வெறும் காகித விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டில்ட் தளத்தில் சுவர் கிடையாது, தூண்கள் மட்டுமே மேலே உள்ளதைத் தாங்குகின்றன. மூன்று தளத்துக்குக் கணக்குப் போட்ட தூணும் அடித்தளமும் நான்காவது தளத்தின் கான்கிரீட், செங்கல் சுவர், அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுமக்கின்றன. 5,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 5 டன். 2014 ஜூன் 28 மாலை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிளானில் இல்லாத தளத்துக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு. கேட்டில் ஒட்டிய நோட்டீஸைக் கிழிக்காதீர்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், எந்தப் பிரிவு, எத்தனை நாள் அவகாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 80-ஏ முறையீட்டுக்கு 30 நாள்தான், அதை அசோசியேஷன் கூட்டம் போட்டுப் பேசியே தீர்த்துவிடாதீர்கள். மீறல் முழுவதும் ஒரே தன்மையில் இருக்காது. ஸ்டில்ட்டில் கட்டிய வாட்ச்மேன் அறை, பக்க இடைவெளியில் போட்ட ஷெட், கார் நிறுத்துமிடத்தை மறித்த கடை ஆகியவற்றை நீங்களே இடித்து, படத்தோடு எழுதிக் கொடுத்தால் மீதிக்காக வாதாட வலு கிடைக்கும். உயர் அதிகாரியைத் தெரியும், ஐம்பதாயிரம் கொடுத்தால் கோப்பை மூடிவிடலாம் என்று வருகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கோப்பை மூடும் அதிகாரம் எந்தத் தரகரிடமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரம் இன்னொரு புகார் கொடுத்தால் அது மறுபடி திறக்கும்.

பில்டர் மீதான வழக்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தனி. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடக் கெடு உண்டு. ஆனால் கட்டடத்தில் குடியேறலாம் என்று அனுமதிக்கும் சான்றை வாங்கித் தராமல் இருப்பது தொடர்ந்து நடக்கும் குறைபாடு என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், சான்று தேவைப்படும் கட்டடங்களில் கெடு முடிந்துவிட்டது என்ற பயத்தில் விட்டுவிடாதீர்கள். எந்த வழக்குக்கும் பில்டர் கொடுத்த விளம்பர நோட்டீஸ், நான்காவது தளம் அனுமதி பெற்றது என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தி, கட்டுமான ஒப்பந்தம், பணம் போன வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். செல்போன் மாற்றுவதற்கு முன் அந்தச் செய்திகளைப் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

சீல் வைக்கும் நாளில் மகஜர், அதாவது அங்கே நடந்ததைப் பதிவு செய்யும் குறிப்பு, எழுதுவார்கள். உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது என்பது அதில் வந்திருக்கிறதா என்று பார்த்து நகல் கேளுங்கள். கேஸ் சிலிண்டர், மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ், பத்திரங்கள் இவற்றை முந்தின நாளே வெளியே எடுத்துவிடுங்கள். பூட்டிய பிறகு ஒரு பையை எடுப்பதற்கும் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சீலை நீங்களாக உடைத்தால் காவல் நிலையத்தில் புகார் பதிவாவது பில்டர் பெயரில் இருக்காது, உங்கள் பெயரில்தான்.