எஃப்ளோர்னிதின் க்ரீம் (13.9%) ரிவ்யூ: வாங்கறதுக்கு முன்னாடி படிங்க

முதல்லயே சொல்லிடறேன், இது முடிய எடுக்கற க்ரீம் இல்ல. தடவித் துடைச்சா முடி போயிடும்னு வாங்கிட்டு 'வேஸ்ட்'னு ஒரு ஸ்டார் போடறவங்கதான் ஜாஸ்தி. எனக்கு பிசிஓடி, தாடையிலயும் மேல் உதட்டுலயும் முடி, காரைக்குடில ஸ்கின் டாக்டர் எழுதிக் குடுத்தாங்க.

பாலிஅமைன்னு செல்லுக்குள்ள உண்டாகற ஒரு பொருள் இல்லாம செல்லு வேகமா பெருக முடியாது, அத உண்டாக்கற முதல் என்சைம்ல இந்த மருந்து போய் ஒட்டிக்கிட்டு வேலைய நிறுத்திடும், அதனால இருக்கற முடி இருக்கும், புதுசா வர்றது மட்டும் மெதுவா வரும். த்ரெட்டிங்க விட முடியாது, ஆனா பார்லருக்கு ஓடற ஓட்டம் நல்லாவே குறைஞ்சிருக்கு.

நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, அதனால இந்தக் கதைய சொல்லாம இருக்க முடியல. 1970கள்ல இத டிசைன் பண்ணதே கேன்சருக்குத்தான், அதுல அப்போ பெருசா எடுபடல, ஆனா ஆப்பிரிக்கால செட்சி ஈ கடிச்சு வர்ற தூக்க நோய்ல, கோமாவுல கிடந்தவங்களையே எழுப்பி உக்கார வச்சுது. அந்த என்சைம நம்ம உடம்பு சட்டுசட்டுனு புதுசா செஞ்சுக்கும், தூக்க நோய உண்டாக்கற ஒட்டுண்ணியால அந்த வேகத்துல முடியாது, அதான் அது மாட்டிக்குது. 1990ல தூக்க நோய்க்கு அமெரிக்கா அனுமதி குடுத்தும் லாபம் இல்லன்னு தயாரிப்ப நிறுத்திட்டாங்க. 2000ல மூஞ்சி முடி க்ரீமா வந்துச்சு, ஏழைங்களுக்கு ஊசியா திரும்பக் கிடைக்க 2001ல உலக சுகாதார நிறுவனம் ஒப்பந்தம் போட வேண்டியதாச்சு. கடுப்பா இல்ல? கடைசில 2023 டிசம்பர்ல குழந்தைங்களுக்கு வர்ற நியூரோபிளாஸ்டோமா கேன்சர் திரும்ப வராம இருக்க மாத்திரையா அனுமதி வாங்கிருச்சு.

சரி, க்ரீமுக்கு வரேன். காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, நடுவுல எட்டு மணி நேரமாச்சும் விடணும், போட்டு நாலு மணி நேரம் கழுவக் கூடாது. நம்மூரு சித்திர வெயில்ல இது பெரிய தொல்ல, வேர்த்து வழியுது, துடைக்கவும் பயம். த்ரெட்டிங் பண்ண கையோட தடவினா சுள்ளுனு எரியும், கொஞ்சம் ஆறவிட்டுப் போடுங்க. பலன் தெரிய ரெண்டு மாசம் வரைக்கும் ஆகலாம், நிறுத்தினா அதே ரெண்டு மாசத்துல பழையபடி வந்துரும். டியூபோ சின்னது, விலையோ கூட. எங்க அப்பத்தா பில்லப் பாத்துட்டு "மூஞ்சிக்கு இம்புட்டுக் காசா, கஸ்தூரி மஞ்சளப் பூசு ஆத்தா"ங்குறாங்க.

என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. கர்ப்பமா இருந்தா டாக்டர கேக்காம தொடாதீங்க. எல்லா மெடிக்கல்லயும் ஸ்டாக் இருக்காது, சீட்டோட போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க.