பெயரை இழந்த மார்மைட்: ஆக்லாந்துக் கடையில் ஒரு பிரித்தானியப் போத்தல்

மார்மைட் என்பது பாணில் (ரொட்டியில்) தடவி உண்ணும், ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் உப்பான பசை. நியூசிலாந்தின் பல்பொருள் அங்காடிகளில் ‘மார்மைட்’ என்ற பெயரோடு அடுக்கப்பட்டிருக்கும் பொருள், பிரித்தானியாவில் வளர்ந்தவர்கள் அறிந்த மார்மைட் அன்று. அந்த அசல் பொருள் வேண்டுமென்றால் ‘அவர் மேட்’ (Our Mate, ‘நம் தோழன்’) என்று வேறு பெயர் ஒட்டப்பட்ட, குட்டையான, வயிறு பெருத்த கண்ணாடிப் போத்தலைத் தேடி எடுக்க வேண்டும். போத்தலின் வடிவமோ உள்ளே இருக்கும் கரிய பசையோ மாறவில்லை. லண்டனில் வளர்ந்து இப்போது ஆக்லாந்தில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை என்ற முறையில், இந்தப் போத்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பெயர் மாற்றத்துக்குக் காரணம் வணிகச் சின்ன உரிமை. மார்மைட் நிறுவனம் 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் டிரென்ட் நகரில் தொடங்கப்பட்டது. 1908இல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதனை விற்கும் உரிமையைச் சானிட்டேரியம் என்ற நிறுவனம் பெற்றது. பின்னர் கிறைஸ்ட்சர்ச் நகரில் தானே தயாரிக்கத் தொடங்கி, சர்க்கரையும் கேரமலும் சேர்த்துத் தனக்கென ஒரு செய்முறையை வகுத்துக்கொண்டது. எனவே இங்கே அந்தப் பெயர் அவர்களுக்கே உரியது. இந்நாட்டவர் அதன்மீது வைத்திருக்கும் பற்றையும் குறைவாக மதிப்பிட முடியாது. 2011இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பாதிப்பால் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு, அடுத்த ஆண்டு கடைகளில் கையிருப்புத் தீர்ந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. 2013 மார்ச்சில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்தால் வேறுபாடு உடனே தெரியும். நியூசிலாந்து வகை கெட்டியானது, சற்று இனிப்பானது, நாக்கிடம் பணிவாக நடந்துகொள்வது. பிரித்தானிய வகையோ கரும்புப்பாகைப் போல இழுபட்டு வடியும். முதலில் உப்பு, அதன் பின்னே ஒரு மெல்லிய கசப்பு, கடைசியில் நெடுநேரம் கொதித்த இறைச்சிச் சாற்றை நினைவூட்டும் ஆழமான சுவை என்று படிப்படியாக வரும். இத்தனைக்கும் அதில் இறைச்சி என்பது துளியும் இல்லை. பியர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டைச் செறிவாக்கி, உப்பும் காய்கறிச் சாறும் பி வகை உயிர்ச்சத்துகளும் சேர்த்துச் செய்யப்படுவது அது. சைவ உணவு உண்பவர்களின் சமையலறையில் இந்தச் சுவைக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை.

மார்மைட்டை வெறுப்பவர்களில் பாதிப் பேர் அதனைத் தடவும் முறை தெரியாமல் வெறுப்பவர்கள் என்பது என் கணிப்பு. சாக்லேட் பசையைப் பூசுவதுபோல் இதனைப் பூசினால் வாய் எரியும். சூடாக வாட்டிய பாணில் முதலில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, அது உருகி உள்ளே இறங்கத் தொடங்கும்போது, கத்தியின் நுனியில் எடுத்த மார்மைட்டை மேலே ஆங்காங்கே கீறலாக இழுத்துவிட வேண்டும். பாணின் நிறம் முழுவதும் மறைந்துவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அதன்மேல் செடார் பாற்கட்டியைத் துருவிப் போட்டு மீண்டும் வாட்டுவது இன்னும் சிறப்பு. அரைவேக்காட்டு முட்டையில் தோய்த்து உண்பதற்காக, மார்மைட் தடவிய பாணை விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இங்கிலாந்து வீடுகளின் வழக்கம். பெரியவர்களும் எவரும் பார்க்காத வேளையில் அப்படித்தான் உண்கிறார்கள்.

லண்டனில் இருந்தவரை நான் பிரித்தானியன் என்று எவரிடமும் வலிந்து சொன்னதில்லை. படிவங்களில் ‘ஆசியர் அல்லது ஆசியப் பிரித்தானியர்’ என்ற கட்டத்தில் குறியிட்டதோடு சரி. வாய்விட்டுச் சொன்னால், ‘அது சரி, உண்மையில் எந்த நாடு?’ என்ற இரண்டாவது கேள்வி வந்துவிடும் என்பதால் பலரும் முதல் பதிலையே சுருக்கிக்கொள்வார்கள், நானும் அப்படித்தான். ஆனால் ஆக்லாந்து அலுவலகத்தில் காலைத் தேநீர் வேளையில் எந்த மார்மைட் சிறந்தது என்ற வழக்குக் கிளம்பும்போதெல்லாம், லீட்ஸ் நகரத்துக்காரரும் கிளாஸ்கோக்காரரும் நானும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல் ஒரே பக்கத்தில் நின்றுவிடுகிறோம். சொந்த ஊரில் கால்பந்து முதல் அரசியல் வரை எதிலும் உடன்படாத இந்த மூன்று ஊர்க்காரர்களையும் சேர்த்து நிறுத்துவது ஒரு போத்தல் ஈஸ்ட் பசைதான். அங்கே என்னைப் பிரித்தானியன் என்று ஏற்பதற்கு எவரும் சான்று கேட்பதில்லை. நியூசிலாந்துக்காரர்கள் என்னையும் சேர்த்தே ‘உங்கள் நாட்டுக் கசப்பு’ என்று கேலி செய்கிறார்கள், நானும் நாட்டின் சார்பில் பதில் சொல்கிறேன்.

இந்தப் பெருமை எதைப் பற்றியது என்று எண்ணிப் பார்த்தால், கொடியோ அரண்மனையோ என் மனத்தில் முதலில் வருவதில்லை. ஆலையில் கழிவாகப் போக வேண்டியதை உணவாக்கிய சிக்கனம் ஒன்று. முதல் உலகப் போரில் படைவீரர்களின் உணவுப் பங்கீட்டில் இது இடம்பெற்றதும் அந்தச் சிக்கனத்தின் தொடர்ச்சியே. அதைவிட எனக்குப் பிடித்தது, தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் இயல்பு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மார்மைட்டின் விளம்பரங்கள், ஒன்று இதனை விரும்புவீர்கள், இல்லையேல் வெறுப்பீர்கள் என்ற கருத்தை வைத்தே நடக்கின்றன. ஒரு வாய் உண்டுவிட்டு முகத்தைச் சுளிப்பவர்களையும் அந்த விளம்பரங்களில் காட்டுகிறார்கள். தன் பொருளைப் பலருக்குப் பிடிக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லி அதையே விற்பனைச் சரக்காக்கும் துணிவு, தற்பெருமையை நாகரிகக் குறைவாகக் கருதும் ஒரு சமூகத்திலிருந்துதான் எளிதாக வரும். ஆஸ்திரேலியாவில் 1923இல் விற்பனைக்கு வந்த வெஜிமைட், போரினால் தடைப்பட்ட மார்மைட் இறக்குமதிக்கு மாற்றாகப் பிறந்தது. அதன் பழைய விளம்பரங்களில் சிரித்த முகத்தோடு துள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வேற்றூருக்கு வந்துவிட்ட உணர்வே ஏற்படுகிறது.

ஆயினும் இந்தப் பெருமையை முழுவதும் இங்கிலாந்தின் கணக்கில் எழுத முடியாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் 1928 முதல் பம்பாயில் தங்கி, அங்கிருந்த நெசவாலைத் தொழிலாளர்களிடையே கருவுற்ற பெண்களுக்கு ஏற்பட்ட கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். உணவுக் குறைபாடே அதற்குக் காரணம் என்பதையும், ஈஸ்ட் சாறு, அதாவது இதே மார்மைட், அதனைக் குணப்படுத்துகிறது என்பதையும் கண்டு 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. இன்று உலகெங்கும் கருவுற்ற பெண்களுக்கு அது பரிந்துரைக்கப்படுவதற்கு அடிகோலிய ஆய்வு இது. ஓர் ஆங்கிலப் பெண் மருத்துவரின் விடாமுயற்சி எனக்குப் பெருமை தருகிறது; அந்தத் தொழிலாளப் பெண்கள் சத்தற்ற உணவோடு வாழ்ந்தது எந்த ஆட்சியின்கீழ் என்பதும் அதே மூச்சில் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது. 1934–35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயின்போதும், உணவின்றி மெலிந்திருந்த மக்களுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது.

அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டுக்கு மார்மைட் லண்டனில் அறிமுகமான பொருளாக இருக்கவில்லை. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்தே அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். இலங்கையில் இன்றும் ஒரு தேக்கரண்டி மார்மைட்டைச் சுடுதண்ணீரில் கரைத்து, தேசிக்காய் பிழிந்து, மிளகுத்தூள் தூவி, காய்ச்சலுக்கும் களைப்புக்கும் குடிப்பார்கள். என் ஆங்கிலேய நண்பர்களுக்கு இப்படிக் குடிப்பது விசித்திரமாகத் தெரிகிறது. அவர்கள் பாணைத் தாண்டி யோசிப்பதில்லை, அது அவர்களுடைய இழப்பு. ‘அவர் மேட்’ இந்தப் பயன்பாட்டுக்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அது கட்டி தட்டாமல் கரைகிறது. நியூசிலாந்து வகையைக் கரைத்தால் அதன் இனிப்பு தேசிக்காய்ப் புளிப்போடு மோதிக் குழம்புகிறது. காளான் கறியிலும் உருளைக்கிழங்குப் பிரட்டலிலும் கடைசியில் அரைத் தேக்கரண்டி சேர்த்து, அதற்கேற்ப உப்பைக் குறைத்தால், கறி நெடுநேரம் அடுப்பில் கிடந்தது போன்ற நிறைவு வருகிறது.

குறைகளும் உண்டு. எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உப்பு என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். வாற்கோதுமை, கோதுமை ஆகியவற்றின் குளூட்டன் இருப்பதால் அது ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும். மனச்சோர்வுக்காகத் தரப்படும் எம்.ஏ.ஓ. தடுப்பான் வகைப் பழைய மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் ஈஸ்ட் சாறு ஆகாது. மறுபுறம், பி12 உயிர்ச்சத்துச் சேர்க்கப்பட்டிருப்பது, இறைச்சியும் மீனும் உண்ணாதவர்களுக்கு உண்மையான பயன்.

போத்தலின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்: அழகானது, ஆனால் தோள்பட்டைக்குக் கீழே ஒட்டிக்கிடக்கும் கடைசிப் பங்கை எந்தக் கரண்டியாலும் வழித்தெடுக்க முடியாது. அதில் வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் குடித்துவிடுவதே ஒரே வழி. விலையைப் பொறுத்தவரை, கடல் தாண்டி வரும் பொருளுக்குரிய கூடுதல் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். உள்ளூர் வகை எப்போதும் மலிவாகவே கிடைக்கும். கூடுதல் தொகை தகுமா என்றால், பிரித்தானியாவில் வளர்ந்தவர்களுக்கும் இலங்கை முறையில் கரைத்துக் குடிப்பவர்களுக்கும் ஐயமின்றித் தகும். ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் கொடுப்பேன், குறைத்த அரை மதிப்பெண் அந்தத் தோள்பட்டைக்கானது. வீட்டில் நியூசிலாந்தில் பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு உள்ளூர் வகையே பிடிக்கும், அதனை மாற்ற முயன்று வீண் சண்டை வளர்க்க வேண்டாம். முதன்முறை வாங்குபவர்கள் கிடைப்பதில் சிறிய போத்தலையே வாங்கட்டும்; திறந்த பின் அலமாரியிலேயே வைக்கலாம், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகி, தடவும்போது பாணைக் கிழித்துவிடும்.