ஸ்டீல் ஃபைபரா, பிளாஸ்டிக் ஃபைபரா: கொழுந்து லாரி ஏறும் முற்றத்துக்கு எது?

கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் தேயிலை ஃபேக்டரி முற்றம் போடுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: கம்பி வலைக்குப் பதில் கான்கிரீட்டில் ஃபைபர் (ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் இழைத் துண்டுகள்) கலந்தால் தளம் வெடிக்காதா? வெடிக்கும். வெடித்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒருமுறை லாரி ஏறியதும் தளம் உடைவதில்லை. தாங்கக்கூடிய எடைதான், ஆனால் தினமும் ஏறி இறங்க இறங்க உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு ஒருநாள் மேலே தலைகாட்டும். சாதா கான்கிரீட்டுக்கு இதற்கான கணக்கு, இந்திய சாலைக் காங்கிரஸின் கான்கிரீட் சாலை வடிவமைப்பு விதிநூலான ஐஆர்சி 58-இல் இருக்கிறது. சக்கரம் ஏறும்போது வரும் வளைவு அழுத்தம், கான்கிரீட்டின் வளைவு வலிமையில் 45 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனை தடவை ஏறினாலும் கவலையில்லை. 55 என்றால் சுமார் 1.24 லட்சம் தடவை, 65 என்றால் வெறும் 7,700, 75-க்குப் போனால் 500கூடத் தேறாது. தினம் 20 தடவை லாரி ஏறும் முற்றத்தில் 7,700 என்பது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

அதனால் ஃபைபர் விலையை விசாரிக்கும் முன் தடிமனைப் பாருங்கள். 6 அங்குலத்தை 7 ஆக்கினாலே அழுத்தம் கால்வாசிக்கு மேல் குறையும், அந்த 65 சதவீதம் 48 பக்கம் வந்துவிடும், 7,700 பல லட்சமாகும். எந்த ஃபைபரும் இந்த வேலையைச் செய்யாது.

பாக்கெட்டில் விற்கும் மெல்லிய பாலிப்ரொபிலீன் நூலை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். காற்றும் வெயிலும் அடிக்கும் நாளில் ஈரம் காய்ந்து வரும் ஆரம்ப விரிசலை அது தடுக்கும், லாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, உண்மையான போட்டி ஸ்டீலுக்கும் தடித்த பிளாஸ்டிக் ஃபைபருக்கும். ஸ்டீலின் விறைப்பு கான்கிரீட்டைப் போல் ஏழெட்டு மடங்கு, பிளாஸ்டிக்குக்கு கான்கிரீட்டில் பாதிகூட இல்லை. ஸ்டீல் விரிசலை மெல்லியதாகவே பிடித்து வைப்பதால் இரண்டு பக்க ஜல்லியும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுமையைப் பகிரும். பிளாஸ்டிக் கொஞ்சம் இழுபட்ட பிறகுதான் பிடிக்கும். அதற்குள் விரிசல் திறந்து மூடி, திறந்து மூடி முகங்கள் தேய்ந்துபோகும். திரும்பத் திரும்ப வரும் சுமைக்கு ஸ்டீல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கூரை இருந்தால்தான். கூடலூரில் தென்மேற்கு, கோத்தகிரியில் வடகிழக்கு என்று மலையில் எங்கேயாவது பெய்துகொண்டே இருக்கிறது, வெளி முற்றத்தில் விரிசல் காய நேரமே கிடைப்பதில்லை. துரு ஏறி மெலிந்த ஃபைபர், கான்கிரீட்டிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு வரவேண்டியது, பட்டென்று அறுந்துவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் முதல் மழைக்கே பழுப்புப் புள்ளியாகும், ரப்பர் செருப்போடு கொழுந்து மூட்டை இறக்குகிறவர் காலையும் குத்தும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. மட்டம் தட்டியதும் இரண்டு நாள் தாடி போல மயிர் நிற்கும், லாரி ஓட ஓடத் தேய்ந்துவிடும். ஆக, உலர்த்தும் அறை, கிடங்குத் தரைக்கு ஸ்டீல். திறந்த முற்றத்துக்கு, தடிமனைக் கூட்டி பிளாஸ்டிக்.

கலப்பதிலும் பிளாஸ்டிக் சுலபம். ஒரு மூட்டை சிமெண்ட் போடும் மிக்ஸரில் ஸ்டீல் நாலு கிலோவுக்கு மேல் போகும், மொத்தமாகக் கொட்டினால் உருண்டை பிடிக்கும், ஒரு ஆள் நின்று தூவவேண்டும். பிளாஸ்டிக் அறுநூறு எழுநூறு கிராம்தான்.

பாதி வெட்டி, பாதி மண் நிரப்பிச் சமன்செய்த முற்றமா? நிரப்பிய பக்கம் அமுங்கும்போது பிளாஸ்டிக் மெல்ல நீண்டுகொண்டே போகும், ஸ்டீல் ஃபைபரும் போதாது. அந்தப் பக்கம் முறையாகக் கம்பி கட்டுங்கள். அப்புறம், கொத்தனார் மிதித்து அடியில் புதைக்காதபடி கவர் பிளாக் (கம்பியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.