எண் ஏறினால் கையில் என்ன இருக்கிறது? சி.இ.ஏ., சி.ஏ.125, பி.எஸ்.ஏ. ஓர் ஒப்பீடு

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தாளில் மூன்றுக்கும் ஒரே முகம்தான். இடப்பக்கம் பெயர், நடுவில் எண், வலப்பக்கம் இயல்பு அளவு. தாண்டிவிட்டால் எண் தடித்த எழுத்தில் வரும். அதனாலேயே சி.இ.ஏ. (குடல் புற்றுநோய்க்குப் பார்ப்பது), சி.ஏ.125 (சினைப்பைக்கு), பி.எஸ்.ஏ. (ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கு) மூன்றையும் ‘கேன்சர் டெஸ்ட்’ என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: எண் ஏறியிருப்பது தெரிந்துவிட்டது, சரி, அதை வைத்து என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வைத்திருப்பவற்றில் ஒன்று சி.இ.ஏ. 1965இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் கண்டுபிடித்தது. நோயைக் கண்டுபிடிக்க இது உதவாது. ஆரம்பநிலைக் குடல் புற்றுநோயில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. புகைபிடிப்பவர்களுக்கோ நோய் இல்லாமலே கொஞ்சம் ஏறி நிற்கும். இதன் வேலை குடல் புற்றுநோய் அறுவை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்த நோய் திரும்பினால் அதிகம் போய் உட்காருமிடம் கல்லீரல். ஒன்றிரண்டு கட்டியாக இருக்கும்போதே பிடித்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுக்க முடிகிறது. முதல் சில ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சி.டி. ஸ்கேனோடு இதை நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வும் உண்டு. இங்கிலாந்தில் 1,202 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியிட்டார்கள். நோய் திரும்பி, குணமாக்கும் நோக்கத்தோடு மறுபடி அறுவை செய்ய முடிந்தவர்கள், தொந்தரவு வந்தால் மட்டும் பார்த்த குழுவில் 2.3 சதவீதம், சி.இ.ஏ. குழுவில் 6.7, சி.டி. குழுவில் 8, இரண்டும் பார்த்தவர்களில் 6.6. அதாவது, ரத்தப் பரிசோதனை ஸ்கேனுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபமும் இல்லை. இறப்பு எண்ணிக்கையில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது சி.ஏ.125. இதோடு எனக்குச் சொந்தப் பகை உண்டு. போன வருடம் அத்தை ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தார். 35க்குள் இருக்க வேண்டியது 62 என்று வந்தது. இரண்டு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஸ்கேனில் கிடைத்தது கருப்பையில் நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு), ஊரில் பாதிப் பெண்களுக்கு இருக்கும் சமாச்சாரம். போதாததற்கு ரத்தம் எடுத்தது மாதவிலக்கு நாளில். ஊசி போட்டவர் அதைக் கேட்கவே இல்லை.

இந்த எண்ணை ஏற்ற மாதவிலக்கே போதும். கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்வரித் திசு வெளியே வளர்வது), கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு எல்லாமும் ஏற்றும். நம் நாட்டில் முக்கியமாக வயிற்றுக் காசநோய்: வயிற்றில் நீர் கோத்து, சி.ஏ.125 நூற்றுக்கணக்கில் போய், ஸ்கேனும் சினைப்பைப் புற்றுநோய் போலவே காட்டும். சதை எடுத்துப் பார்த்தால் டி.பி. என்று வரும்; மாத்திரையில் குணமாகும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது. சி.ஏ.125ஐ ஆண்டுதோறும் பார்த்தும் சினைப்பைப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை.

சரி, நோய் வந்து சிகிச்சை முடித்தவர்களுக்காவது உதவுமா? கீமோ நடக்கும்போது எண் இறங்குகிறதா என்று பார்க்க இது அருமையான கருவி. முடிந்த பிறகுதான் சிக்கல். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், எண் ஏறிய 529 பெண்களில் ஒரு பாதிக்கு உடனே கீமோ தொடங்கினார்கள். மறு பாதிக்கு எண்ணைச் சொல்லாமல், தொந்தரவு தெரிந்த பிறகே தொடங்கினார்கள். முதல் குழுவுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் முன்பே கீமோ. ஆயுள் கூடவில்லை, நிம்மதியாக இருந்த நாட்கள்தான் குறைந்தன. திரும்பிய கட்டியை மறு அறுவையில் முழுவதும் அகற்ற முடிகிற சிலருக்குப் பலன் உண்டு என்று பின்னர் தெரியவந்ததால் விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் ‘எனக்கு இந்த டெஸ்ட் வேண்டாம், உடம்புக்கு ஏதாவது செய்தால் வருகிறேன்’ என்று ஒரு பெண் சொன்னால், அது அலட்சியம் இல்லை. மருத்துவரோடு பேசி எடுக்கக்கூடிய நியாயமான முடிவு.

பி.எஸ்.ஏ. இரட்டை வேடக்காரர். புராஸ்டேட் சுரப்பி உடம்பில் இருக்கும்வரை இந்த எண் வழவழா கொழகொழாதான். வயதானால் வரும் சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, எல்லாமே ஏற்றும். வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையைச் சில மாதங்கள் சாப்பிட்டால் எண் பாதியாகிவிடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தாளில் 3 என்று இருந்தால் 6 என்றுதான் படிக்க வேண்டும். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டால் கதையே மாறுகிறது. சுரக்க ஆளில்லை, எண் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு முறை 0.2 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் எங்கோ தலைதூக்குகிறது என்று பொருள். ஸ்கேனில் எதுவும் தெரியாத அந்தக் கட்டத்திலேயே கதிர்வீச்சு கொடுத்து மடக்கப் பார்க்கலாம். சுரப்பி இருக்கும் தாத்தாவுக்கு 0.3 என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுரப்பியை எடுத்தவருக்கு அதே 0.3 வந்தால் உடனே ஃபோன் வரும்.

சிகிச்சைக்குப் பிந்திய கண்காணிப்பில் என் வரிசை: சுரப்பி எடுத்தபின் பி.எஸ்.ஏ., அப்புறம் சி.இ.ஏ., கடைசியில் சி.ஏ.125. நோய் இல்லாதவருக்கு சி.இ.ஏ., சி.ஏ.125 இரண்டுமே வேண்டாம், பி.எஸ்.ஏ. மட்டும் 55 வயதுக்கு மேல் மருத்துவரிடம் பேசிவிட்டு. எதை எடுத்தாலும் ஒரே லேபில் எடுங்கள், லேப் மாறினால் எண்ணும் மாறும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; சில கருவிகளில் அது எண்ணைத் தவறாகக் குறைத்துக் காட்டும்.

அத்தை இந்த வருடமும் அதே பேக்கேஜுக்குப் போனார். சி.ஏ.125 மட்டும் வேண்டாம் என்றாராம். கவுண்டரில் இருந்த பெண், “எடுத்தாலும் எடுக்காட்டியும் ஒரே ரேட்தான் மேடம்” என்றாளாம்.