செங்கோட்டைச் சாரலில் ஆத்திசூடிப் படங்கள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் சில குறிப்புகள்

ஆத்திசூடி வரிகளுக்கு வரைந்த பழைய அச்சுப் படங்கள் செங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சுவர்களில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் சிலவற்றைக் கண்ணாடி வேறு, பலகை வேறாகப் பிரித்து, புதிதாகச் சட்டம் போட்டு, இந்த மாதம்தான் திரும்ப மாட்டினேன். ஆரியங்காவுக்கு அப்பால், கேரளத்தின் புனலூரில் புதுவீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவர், தம் வீட்டுக் கூடத்துக்கும் இவற்றை வாங்கலாமா என்று இப்போது கேட்கிறார். சாரலில் இந்தப் படங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல், 'வாங்குங்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

படங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்கியவை. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வளர்த்த காலண்டர் ஓவிய மரபின் சாயல் எல்லாவற்றிலும் இருக்கிறது. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியதில் வேர்விட்ட மரபு அது. ஆகவே ஒரு சிறு திண்ணையை வரைந்தாலும் அதன் பின்னால் தூணும் தோப்பும் மலையுமாகக் காட்சி விரிந்துகொண்டே போகும். 'ஆறுவது சினம்' படத்தில் ஓவியர் சண்டையை வரையவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கையில் வாங்கிய ஒருவர், இன்னும் குடிக்காமல், தாடை இறுகி நிற்கிறார். செம்பைக் கொடுத்த மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் ஆறிவிட்டதாக எங்குமே காட்டவில்லை, ஆற வேண்டியிருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. தினமும் அதைக் கடந்து போகிறவனுக்கு அது போதுமானதாக இருக்கிறது. செம்பு வாங்கியவர் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டின் நிறம், வரைகோட்டைத் தாண்டி நூலளவு வெளியே விழுந்திருக்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றி அச்சிட்ட காலத்தில் தாள் இம்மி நகர்ந்தாலும் அப்படி விழும். பழசுபோல் இப்போது அச்சிட்டு விற்கும் ஆப்செட் பிரதிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிறப் புள்ளிகள் சின்னச் சின்ன வட்டங்களாக ஒரே ஒழுங்கில் அடுக்கியிருக்கும். கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய கல்லச்சில் அந்த ஒழுங்கு இராது, கையால் வைத்த புள்ளிகள் அங்கங்கே திரண்டும் தேய்ந்தும் தெரியும். வாங்கப் போகிறவர்கள் பூதக்கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வரியை எங்கே மாட்டுவது என்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். 'ஐயம் இட்டு உண்' சாப்பிடும் அறையில் நன்றாகப் பொருந்தியது. 'ஏற்பது இகழ்ச்சி' கூடத்தில் இருக்கவே கூடாது. கைமாற்றுக் கேட்க வந்து, எப்படித் தொடங்குவது என்று தயங்கி உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே அந்த வரியை வைப்பது கொடுமை. பெண் பேச்சைக் கேளாதே என்னும் 'தையல் சொல் கேளேல்' படத்தைக் கடைக்காரர் மலிவாகத் தருவதாகச் சொல்லியும் நான் வாங்கவில்லை. 'தையலை உயர்வு செய்' என்று பாரதி தம் புதிய ஆத்திசூடியில் மாற்றி எழுதிய பிறகு, பழைய வரிக்கு என் வீட்டில் ஆணி அடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி, ஒவ்வொரு ஆடியிலும் என்னை எரிச்சலடைய வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றோடு ஏறிவரும் சாரலுக்காகவே எங்கள் பழைய வீடுகளுக்குச் சரிந்த ஓட்டுக்கூரையும் தாழ்ந்த இறவாரமும் வைத்தார்கள். சுவர் நனையாவிட்டாலும் ஓதம் ஏறும். இப்படிப்பட்ட ஊரில், சட்டம் போட்ட கடைக்காரர் கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திப் பதித்து, முதுகுக்குக் கள்ளிப்பெட்டிப் பலகைத் துண்டுகளை வைத்து, ஓரங்களில் மைதாப் பசையால் தாள் ஒட்டி அனுப்பியிருந்தார். மூன்றுமே தவறு. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே காற்றுக்கு இடமில்லாததால் ஈரம் படிந்து மையும் கண்ணாடியும் ஒட்டிக்கொண்டன. பலகையின் அமிலம் தாளில் இறங்கி, இரண்டு பலகைகள் சேரும் இடைவெளி எங்கே இருந்ததோ அங்கே படத்தின் நடுவே நேர்கோடாகப் பழுப்புப் பட்டை விழுந்தது. பசையைத் தேடி ராமபாணப் பூச்சி வந்தது. பிரித்தபோது, அந்தச் சிவப்புத் துண்டின் ஒரு பகுதி தாளை விட்டுக் கண்ணாடியோடு போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வேதனை இன்னும் ஆறவில்லை.

'எல்லோருக்கும் இப்படித்தான் சார் போடுறோம்' என்றார் சட்டம் போட்டவர். அவர் சொன்னது உண்மை என்பதையும் எழுத வேண்டும். அவரிடம் வருபவை பெரும்பாலும் சாமி படங்கள். மங்கிப்போனால் வேறு படம் வாங்கிக்கொள்வார்கள், நூறாண்டு தாங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுப்பதுமில்லை. மரக்கூழில் செய்த அந்தக் காலத்து மலிவுத் தாளும் சும்மா வைத்திருந்தாலே தன் அமிலத்தால் தானே பழுப்பேறும். இவ்வளவும் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஓர் அட்டைச் சட்டம் வைக்காமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இம்முறை திருநெல்வேலியில் வேறொரு கடையில் கொடுத்தேன். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அமிலமில்லாத அட்டை (மவுண்ட் போர்டு) வெட்டி வைத்தார்கள். முதுகுக்கும் அதே அட்டைதான். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகள் ஒட்டச் சொன்னேன், சுவரில் படியாமல் காற்று ஓடும். மேற்குச் சுவரை முழுதாகக் காலி செய்துவிட்டு, எல்லாவற்றையும் உள்சுவர்களுக்கு மாற்றிவிட்டேன். தாளில் அச்சிட்டவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தைத் தாண்ட விடுவதில்லை. நம் முற்றத்து வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், நீலம் மட்டும் மிஞ்சும். சட்டத்துக்கு ஆன செலவு படங்களின் விலையைப்போல் இரண்டு மடங்கு.

எங்கள் வீட்டில் இருக்கும் பொருள்களில் இவற்றைவிட நான் விரும்புவது வேறொன்றில்லை. இருந்தும் புனலூர் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. அங்கே மழை எங்கள் ஊரைக் காட்டிலும் பலத்தது, புதுச்சுவரின் ஈரமும் இன்னும் வடிந்திருக்காது. மனம் கேட்கவில்லை என்றால் ஒன்றே ஒன்றை வாங்கி, மவுண்ட் போர்டு வைத்துச் சட்டம் போட்டு, ஆனி பிறக்கும் முன் உள்சுவரில் மாட்டட்டும். ஆடி முடிந்ததும் கழற்றி முதுகைப் பிரித்துப் பார்க்கட்டும். பூஞ்சைப் புள்ளி விழாமல் இருந்தால், அடுத்த படத்துக்கு நானே காரைக்குடிக்கு உடன் வருகிறேன்.